வீட்டு வரிக்குள் ஒரு பள்ளிக்கூடம்: கள்ளக்குறிச்சி முதல் கல்வராயன் மலை வரை

கள்ளக்குறிச்சி மாதிரி ஒரு நகராட்சியில் சொந்த வீடு வைத்திருப்பவர்கள் அரை ஆண்டுக்கு ஒரு முறை சொத்து வரி கட்டுகிறார்கள். கட்டும்போது மொத்தத் தொகையைத்தான் பார்ப்போம். ஆனால் அந்த ஒரு தொகைக்குள் பல வரிகள் ஒளிந்திருக்கின்றன. அவற்றில் ஒன்று கல்வி வரி. அதோடு சேர்த்து நூலக வரி என்று ஒன்றும் வசூல் ஆகிறது.

வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் என்ன சம்பந்தம்? பிள்ளையே இல்லாத வீட்டுக்காரர் ஏன் கல்வி வரி கட்ட வேண்டும்? ஆயிரக்கணக்கான வீடுகள் உள்ள நகரம் கட்டும் கல்வி வரி அதன் பள்ளிகளுக்கு என்றால், கல்வராயன் மலையில் ஓட்டு வீடும் கூரை வீடுமாக இருக்கும் சிற்றூரின் பள்ளிக்கு யார் கட்டுவது? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடினால் கிட்டத்தட்ட இருநூறு வருடக் கதை கிடைக்கிறது. அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

திண்ணைப் பள்ளிக்கு யார் சம்பளம் கொடுத்தார்கள்?

1822இல் சென்னை மாகாண கவர்னராக இருந்த தாமஸ் மன்றோ, மாகாணத்தில் எத்தனை பள்ளிகள் இருக்கின்றன என்று கணக்கெடுக்கச் சொன்னார். வந்த கணக்கு 12,498 பள்ளிகள். இவற்றில் பெரும்பாலானவை திண்ணையிலோ மரத்தடியிலோ கோயில் மண்டபத்திலோ நடந்தவை. வாத்தியாருக்குப் பெற்றோர்தான் கொடுத்தார்கள். காசாகக் கொடுத்தவர்கள் உண்டு, நெல்லாகக் கொடுத்தவர்களும் உண்டு. சில இடங்களில் மானிய நிலம் இருந்தது.

இதில் ஒரு நல்லது உண்டு, வாத்தியார் ஊருக்குப் பதில் சொல்ல வேண்டியவராக இருந்தார். கெட்டதும் உண்டு, கொடுக்க முடிந்தவன் பிள்ளைதான் படிக்கும். கூலிக்காரன் பிள்ளைக்கும், ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் பிள்ளைக்கும், பெரும்பாலான பெண் பிள்ளைகளுக்கும் அந்தத் திண்ணையில் இடம் கிடையாது.

முதல் முயற்சி தோற்றது

1850களில் கோதாவரி மாவட்டத்தில் டெய்லர் என்ற ஆங்கில அதிகாரி ஒரு புது வழியைக் கண்டுபிடித்தார். ஊர்க்காரர்கள் நில வரியோடு ஒரு சிறு தொகையைச் சேர்த்துக் கட்டுவது, அதை வைத்து ஊரில் பள்ளி நடத்துவது என்று ஏற்பாடு. இதைப் பார்த்த அரசு, மாகாணம் முழுவதும் இதற்குச் சட்ட வடிவம் கொடுக்கலாம் என்று 1863இல் ஒரு கல்விச் சட்டம் கொண்டு வந்தது. ஊர் மக்கள் விரும்பினால் தாங்களே வரி போட்டுக்கொண்டு பள்ளி நடத்தலாம் என்பதுதான் அதன் சாரம். ஆனால் தானாக முன்வந்து வரி கட்ட எத்தனை ஊர் தயாராக இருக்கும்? சட்டம் பெரிதாக எடுபடவில்லை.

அடுத்து 1871இல் உள்ளூர் நிதிச் சட்டம் வந்தது. இதில்தான் நம் தலைப்பு நேரடியாக வருகிறது. கிராமப் பள்ளிகளை நடத்துவதற்காக வீட்டு வரி போடலாம் என்று அந்தச் சட்டம் சொன்னது. அதாவது அமெரிக்காவில் இன்று வரை நடக்கும் முறையை நம் ஊரில் அன்றைக்கே முயன்று பார்த்திருக்கிறார்கள்! ஆனால் மக்களிடம் கடும் எதிர்ப்பு. சில ஆண்டுகளிலேயே பள்ளிக்கான வீட்டு வரியைக் கைவிட வேண்டியதாயிற்று.

காரணம் புரிந்துகொள்ள முடிகிறது. நிலத் தீர்வையே கழுத்தை நெரித்த காலம் அது. பள்ளிக்கூடத்தின் பலன் யாருக்குப் போகிறது என்று கூரை வீட்டுக்காரனுக்குத் தெரியும். தன் பிள்ளை நுழைய முடியாத பள்ளிக்குத் தன் குடிசைக்கு வரி கட்டச் சொன்னால் யார்தான் கட்டுவார்கள்?

ரூபாய்க்கு ஓர் அணா

வீட்டு வரி தோற்றாலும் அதே 1871 சட்டத்தில் இருந்த இன்னொரு வரி நிலைத்துவிட்டது. அது நிலத்தின் மேல் போட்ட செஸ். உச்சவரம்பு ரூபாய்க்கு ஓர் அணா. அப்போது ரூபாய்க்குப் பதினாறு அணா. அதாவது நிலத்தின் பேரில் 16 ரூபாய் தீர்வை இருந்தால் அதற்கு மேல் 1 ரூபாய் வரை செஸ். தீர்வை தண்டல் செய்யும்போதே இதையும் சேர்த்து வாங்கிவிடுவார்கள். 1884இல் வந்த உள்ளாட்சி போர்டு சட்டத்தால் ஜில்லா போர்டு, தாலுகா போர்டு என்று அமைப்புகள் உருவாகின. இந்தப் பணம் அவற்றின் கைக்குப் போனது. ரோடு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் இதிலிருந்து நடத்த வேண்டும். வயதானவர்கள் "போர்டு ஸ்கூல்" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்தப் பெயரில் இருக்கும் போர்டு இதுதான்.

அப்போது கள்ளக்குறிச்சி தென்னாற்காடு ஜில்லாவில் ஒரு தாலுகா. 1993இல் தென்னாற்காடு இரண்டாகப் பிரிந்தபோது விழுப்புரத்தோடு போய், 2019 நவம்பரில்தான் தனி மாவட்டம் ஆனது.

செஸ் முறையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. செஸ் என்பது தீர்வையின் ஒரு பங்கு. நஞ்சைக்குத் தீர்வை அதிகம், புஞ்சைக்குக் குறைவு. ஆகவே தண்ணீர் பாயும் ஊர்கள் உள்ள பகுதியில் செஸ் அதிகம் வரும், மானாவாரி பூமியில் குறைவாக வரும். பிள்ளைகளின் எண்ணிக்கைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. எங்கே தண்ணீர் இருக்கிறதோ அங்கே பணம், எங்கே பணமோ அங்கே பள்ளி.

1920: கல்வி வரி பிறந்த கதை

இன்று சொத்து வரிக்குள் இருக்கும் கல்வி வரிக்கு வேர் 1920ஆம் ஆண்டின் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம். உள்ளாட்சி அமைப்புகள் விரும்பினால் கட்டாயக் கல்வியைத் தங்கள் பகுதியில் கொண்டுவரலாம் என்றது இந்தச் சட்டம். அதற்கான பணத்துக்கு, ஏற்கெனவே வசூலிக்கும் சொத்து வரி, நிலச் செஸ் போன்றவற்றின் மேல் கூடுதலாகக் கல்வி வரி போட்டுக்கொள்ளலாம். அப்படிப் போட்டால் வசூலுக்கு ஈடாக அரசும் ஒரு தொகை கொடுக்கும்.

கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது, இல்லையா? "நீ ஒரு ரூபாய் போடு, நான் ஒரு ரூபாய் போடுகிறேன்" என்பது நியாயமான பேச்சுதானே? கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பேச்சுக்கு, பணக்கார நகரம் ஒன்று 1,000 ரூபாய் கல்வி வரி வசூலிக்கிறது என்று வையுங்கள். அரசு 1,000 கொடுத்தால் மொத்தம் 2,000. ஏழைத் தாலுகா ஒன்று 100 ரூபாய்தான் வசூலிக்க முடிகிறது. அரசு 100 கொடுத்தால் மொத்தம் 200. முதலில் இரண்டுக்கும் இருந்த வித்தியாசம் 900 ரூபாய். அரசு "உதவி செய்த" பிறகு வித்தியாசம் 1,800 ரூபாய்!

ஈட்டு மானியம் என்பது முயற்சி செய்பவனுக்குக் கொடுக்கும் பரிசு போலத் தெரியும். உண்மையில் அது இருப்பவனுக்கு மேலும் கொடுக்கும் ஏற்பாடு.

மலைக்கு மேலே என்ன நடந்தது?

இப்போது கல்வராயன் மலைக்கு ஏறுவோம். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான இந்த மலை கள்ளக்குறிச்சிக்கு மேற்கே இருக்கிறது. மறுபக்கம் சேலம் மாவட்டம். இங்கே வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளி என்ற பழங்குடியினர். கேரளத்துக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை, மலையை ஆள்பவர் என்ற பொருளில் வந்த பெயர். காஞ்சிபுரம் பக்கமிருந்து முன்னோர்கள் வந்ததாக அவர்கள் மரபில் ஒரு கதை உண்டு.

கீழே சமவெளியில் ரயத்துவாரி முறை. விவசாயி நேரே அரசுக்குத் தீர்வை கட்டுவான். மேலே அப்படி இல்லை. சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற ஜாகிர்தார்களின் கையில் மலை இருந்தது. மக்கள் வரி கட்டியது அவர்களிடம்தான். நாடு சுதந்திரம் அடைந்து, 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்த பிறகும் கல்வராயன் ஜாகிர்கள் தொடர்ந்தன. 1976இல்தான் அரசு அவற்றைத் தன் நேரடி நிர்வாகத்துக்கு எடுத்துக்கொண்டது. அதாவது இந்தியா குடியரசாகி 26 வருடம் கழித்து!

மலை மக்களும் வரி கட்டியவர்கள்தான், இதைக் கவனிக்க வேண்டும். "வரி கட்டாதவர்களுக்கு எப்படிப் பள்ளி கிடைக்கும்" என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் அவர்கள் வரி கொடுத்த இடம் வேறு. போர்டுக்குக் கட்டினால் போர்டு மெம்பரிடம் போய் "எங்கள் ஊருக்கு ஏன் பள்ளி இல்லை" என்று கேட்க ஒரு வழியாவது இருக்கும். பரம்பரை ஜாகிர்தாரிடம் யார் கணக்குக் கேட்பது?

இன்னொரு விஷயமும் இருக்கிறது. கல்வராயன் மலையில் பெய்யும் மழைதான் கோமுகி ஆறாகக் கீழே இறங்குகிறது. கச்சிராயபாளையம் பக்கத்தில் கோமுகி அணை, அதற்குக் கீழே நெல்லும் கரும்பும். கச்சிராயபாளையத்திலும் மூங்கில்துறைப்பட்டிலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள். தண்ணீர் பிறந்தது மலையில், அது வரியாக மாறியது சமவெளியில். நில வரியை நம்பிப் பள்ளி நடத்தினால் தண்ணீரைக் கொடுத்த ஊருக்கு ஒன்றும் இல்லை, தண்ணீரை வாங்கிய ஊருக்குப் பள்ளிக்கூடம்! மலைக்காரர்கள் சோம்பேறிகள் என்பதோ படிப்பில் ஆர்வம் இல்லாதவர்கள் என்பதோ இதற்குக் காரணமில்லை. கணக்கு எழுதிய விதம் அப்படி.

அமெரிக்காவிலும் இதே கதை

இந்தச் சிக்கல் நமக்கு மட்டுமானதில்லை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1647இலேயே, 50 குடும்பங்கள் உள்ள ஊர் ஒரு வாத்தியாரை வைத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். அந்த வழியில் வளர்ந்ததுதான், அந்தந்தப் பள்ளி மாவட்டத்தின் வீடு, நிலம், கட்டிடங்களின் மேல் வரி போட்டுப் பள்ளி நடத்தும் அமெரிக்க முறை. இன்றும் அங்கே பள்ளி வருமானத்தில் சொத்து வரிக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

டெக்சாஸ் மாநிலத்தில் சான் அந்தோனியோ என்ற நகரம். அதில் எட்ஜ்வுட் என்பது மெக்சிகோ வம்சாவளி ஏழைகள் வாழும் பகுதி, அலமோ ஹைட்ஸ் வசதியானவர்கள் வாழும் பகுதி. 1967-68ஆம் பள்ளி ஆண்டின் கணக்கைப் பாருங்கள். எட்ஜ்வுட் மக்கள் 100 டாலர் சொத்து மதிப்புக்கு 1.05 டாலர் வரி கட்டினார்கள். அலமோ ஹைட்ஸ் மக்கள் கட்டியது 0.85 டாலர்தான். அதாவது ஏழைகள் கட்டியது கூடுதல் விகிதம். ஆனால் மாநிலத் திட்டத்துக்குக் கொடுக்க வேண்டிய பங்கு போக, எட்ஜ்வுட்டில் பிள்ளைக்கு 26 டாலர் மிஞ்சியது. அலமோ ஹைட்ஸில் 333 டாலர்!

டிமெட்ரியோ ரோட்ரிகஸ் என்ற எட்ஜ்வுட் தகப்பனாரும் மற்ற சில பெற்றோரும் வழக்குப் போட்டார்கள். 1973இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. கல்வி என்பது அமெரிக்க அரசியலமைப்பு உறுதி செய்யும் அடிப்படை உரிமை அல்ல என்றது. பிறகு 1989இல் டெக்சாஸ் மாநில உச்ச நீதிமன்றம், மாநில அரசியலமைப்பின்படி இந்த முறை செல்லாது என்று சொன்னது. அதற்குள் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் படித்து முடித்து வெளியே போய்விட்டார்கள்.

நாம் வேறு பாதையில் போனோம்

தமிழ்நாடு இந்தச் சிக்கலைத் தீர்த்த விதம் வித்தியாசமானது. ஒரே நாளில் சட்டம் போட்டு மாற்றவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பள்ளியின் செலவு உள்ளூர்ப் பையிலிருந்து மாநிலப் பைக்கு மாறியது.

காமராஜர் முதல்வராக இருந்தபோது 1958இல் பஞ்சாயத்துச் சட்டம் வந்தது. அதன்படி 1960-61இல் ஊராட்சி ஒன்றியங்கள் அமைந்தன. ஜில்லா போர்டின் தொடக்கப் பள்ளிகள் ஒன்றியங்களின் கைக்கு வந்தன. "ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி" என்று இன்றும் பெயர்ப் பலகையில் எழுதியிருப்பது அதனால்தான். அதே காலத்தில் கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தினார். ஊர் மக்கள் இடம், கட்டிடம், பெஞ்சு, கரும்பலகை என்று அள்ளிக் கொடுத்தார்கள். வரியாகக் கேட்டபோது எதிர்த்த மக்கள், தங்கள் பிள்ளைக்கும் அங்கே இடமும் மதிய உணவும் உண்டு என்று தெரிந்த பிறகு கேட்காமலே கொடுத்தார்கள். 1871ஐயும் 1958ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது விளங்கும்.

ஆனால் ஆசிரியர் சம்பளம் நன்கொடையில் ஓடாது. அந்தச் செலவு மேலும் மேலும் அரசின் தலையில் ஏறியது. 1981 ஜூன் முதல் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் ஆனார்கள். பலகையில் ஒன்றியத்தின் பெயர், சம்பளம் மாநிலக் கருவூலத்திலிருந்து.

இந்த மாற்றம்தான் கல்வராயன் மலைக்கு வழி திறந்தது. மலையில் இன்று பிள்ளைகள் தங்கிப் படிக்கும் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளை நடத்துவது ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறை. மலை வீடுகளின் வரியில் அவை நடக்கவில்லை. சென்னையிலும் கோவையிலும் திருப்பூரிலும் வசூலாகும் வரியும் அதில் இருக்கிறது. மலைக்காரர் கடையில் சோப்பு வாங்கும்போது கட்டும் வரியும் அதில் இருக்கிறது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு சுமார் 80 சதவீதம். பழங்குடியினரிடையே சுமார் 54 சதவீதம்தான். 2024இல் கள்ளக்குறிச்சி விஷச் சாராயச் சாவுகளுக்குப் பிறகு, கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்து விசாரிக்க வேண்டியிருந்தது. பணம் வரும் வழி மாறியது பாதி வேலைதான். வாத்தியார் மலையேறி வர ரோடு வேண்டும், வந்தவர் தங்க வீடு வேண்டும்.

அப்படியானால் கல்வி வரி எதற்கு?

சொத்து வரியில் கல்வி வரி இன்னும் இருக்கிறது. நகராட்சிகளில் தொடக்கக் கல்வி நிதி என்று அதற்குத் தனிக் கணக்கு உண்டு. பள்ளிக் கட்டிடம், பராமரிப்பு போன்றவற்றுக்கு அது பயன்படுகிறது. நூலக வரியும் அப்படித்தான். 1948இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டத்தின்படி சொத்து வரியோடு சேர்த்து வாங்குகிறார்கள், இப்போது ரூபாய்க்கு 10 பைசா. ஆக, உள்ளூர் வரி பள்ளியின் சுவரையும் கூரையையும் பார்த்துக்கொள்கிறது, ஆசிரியரை மாநிலம் பார்த்துக்கொள்கிறது.

இது நல்ல பங்கீடு என்றே எனக்குப் படுகிறது. ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு. பணம் தூரத்திலிருந்து வந்தால் சண்டையும் தூரத்தில் நடக்கும். மத்திய அரசு 2004 முதல் வருமான வரி போன்றவற்றின் மேல் கல்வி செஸ் வாங்கி வருகிறது. பள்ளிகளுக்கான ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தில் மத்திய அரசுக்கு 60, மாநிலத்துக்கு 40 என்று பங்கு. 2024-25ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய சுமார் 2,152 கோடி ரூபாய், தேசியக் கல்விக் கொள்கை தொடர்பான தகராறில் நின்றுபோனது. 2025 மே மாதம் மாநில அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அந்தச் சண்டையில் மலைப் பள்ளிப் பிள்ளைக்கு என்ன பங்கு?

உள்ளூர் வரியில் நடக்கும் பள்ளி, ஊர் ஏழையானால் ஏழையாகிறது. தூரத்துப் பணத்தில் நடக்கும் பள்ளி, தூரத்தில் இருப்பவர்கள் சண்டை போட்டால் தவிக்கிறது. இரண்டில் எது மேல் என்று கேட்டால், தூரத்துப் பணம்தான் மேல் என்பேன். ஏனென்றால் அதை வாக்கால் மாற்ற முடியும், நீதிமன்றத்தில் கேட்க முடியும். ஊரின் நிலம் புஞ்சை என்பதை எந்த நீதிமன்றமும் மாற்ற முடியாது.

ஆனால் திண்ணைப் பள்ளி வாத்தியார் ஊருக்குப் பதில் சொன்னாரே, அதை மட்டும் நாம் விட்டிருக்கக் கூடாது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்லும் பள்ளி மேலாண்மைக் குழு அதற்கான இடம்தான். குழுவில் பெரும்பான்மை பெற்றோர். பணம் எங்கிருந்து வந்தாலும், வந்ததா, எதற்குச் செலவானது என்று கேட்கும் உரிமை அந்தப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்த தாய்க்கு உண்டு. ஜாகிர்தாரிடம் கேட்க முடியாத கணக்கை இப்போது கேட்கலாம்.

பிள்ளை இல்லாத வீட்டுக்காரர் ஏன் கல்வி வரி கட்ட வேண்டும் என்று தொடக்கத்தில் கேட்டோம். அவர் குடிக்கும் தண்ணீரும் சாப்பிடும் சோறும் எந்த மலையிலிருந்து இறங்கி வந்தது என்று பார்த்தால் பதில் கிடைத்துவிடும். உங்கள் வீட்டில் பழைய தீர்வை ரசீதோ வீட்டு வரி ரசீதோ இருந்தால் ஒரு முறை எடுத்துப் பாருங்கள். அதற்குள் ஒரு பள்ளிக்கூடம் இருக்கும்.